தீட்டியவரும் திட்டியவரும்

அண்மையில் காலமான ஒரு பழைய தொழில்தோழரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தோழர் என்று சொல்கிறேனே தவிர, அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 1973 ஆம் ஆண்டில், இருபத்தொரு வயது இளைஞனாக, கொழும்பிலுள்ள ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்காளனாக நான் சேர்ந்தபோது, அங்கே அவர் அச்சுக்கோப்பாளராக இருந்தார். ஈய எழுத்துக்களைக் கையால் பொறுக்கிக் கோர்த்த காலம் அது. எழுத்துப் பெட்டியைப் பாராமலே அவருடைய விரல்கள் வேண்டிய எழுத்தைத் தேடிச் செல்லும். நாங்கள் பார்த்து அனுப்பிய புரூபில் தவறவிட்ட பிழைகளையும் தாமே கண்டு திருத்திவிட்டு, அதை ஆசிரியபீடத்துக்குச் சொல்லாமல் எங்களிடம் மட்டும் தனியே சொல்வார். எனக்குத் தொழில் கற்பித்தவர்களுள் அவருக்கே முதலிடம் கொடுப்பேன்.

அத்தகைய ஒருவரைப் பற்றிய கட்டுரையில் பிழை நேர்ந்துவிடக்கூடாது என்ற கவனம் எனக்கு இருந்தது. எழுதி முடித்த பின்னர் கணினித் திரையில் மூன்று தடவை வாசித்துச் சரிபார்த்தேன். ஐம்பது ஆண்டுகளாகப் பிழை பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா என்ற பெருமிதமும் உள்ளூர இருந்தது. அனுப்பிவைத்தேன். மலரும் வெளிவந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய துணைவியார் தொலைபேசியில் அழைத்தார். நன்றி சொல்வதற்காக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சற்றுத் தயங்கினார். பின்னர், "தம்பி, அவர் உங்களைத் திட்டினவரோ?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் அக்கா அப்பிடிக் கேக்கிறியள்?" என்றேன்.

"நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். பதினெட்டாம் பக்கத்தில இருக்கு. வேலையில அவர் ஒருத்தரையும் கடிஞ்சு பேசினதில்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். அதுதான் கேட்டனான்."

மலரைத் தேடி எடுத்துப் பதினெட்டாம் பக்கத்தைப் புரட்டினேன். "இளமையில் என்னைத் திட்டியவர் அவர். அதை நான் என்றும் மறக்க மாட்டேன்" என்று அச்சாகியிருந்தது. நான் எழுத நினைத்தது 'தீட்டியவர்' என்ற சொல். கத்தியைத் தீட்டுவது போலவும், வைரத்தைத் தீட்டுவது போலவும் என்னைத் தீட்டியவர் என்று எழுதி நானே மகிழ்ந்துகொண்ட வாக்கியம் அது. ஒரு சிறு சுழி இல்லாமற் போனதால், இறந்த மனிதர் மீது ஐம்பது ஆண்டுப் பகையைச் சுமந்துகொண்டு இருப்பவனாக நான் அந்தப் பக்கத்தில் நின்றேன்.

அச்சகத்தின் தவறாக இருக்கக்கூடாதா என்று மனம் ஆசைப்பட்டது. எல்லாப் பத்திரிகையாளருக்கும் உள்ள பழைய பலவீனம் இது. கணினியைத் திறந்து என்னுடைய பிரதியைப் பார்த்தேன். இருக்கையில் சாய்ந்து பார்த்தபோது அது 'தீ' போலத்தான் தெரிந்தது. திரைக்கு ஒரு சாண் தூரம்வரை முகத்தைக் கொண்டுசென்ற பின்னரே அது 'தி' என்று தெரிந்தது. தவறு என்னுடையதுதான்.

அன்றிரவு மகளிடம் சொன்னேன், இனிமேல் எழுதுவதில்லை என்று. பாதியில் நிற்கும் என்னுடைய பத்திரிகை அனுபவ நூலையும் அப்படியே விட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். பாடகனுக்குக் குரல் போவது போலத்தான் ஒப்புநோக்காளனுக்குக் கண் போவதும். மேடையில் நின்று அபசுரம் பாடுவதைவிட இறங்கிவிடுவது மரியாதை. இவ்வாறெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. மறுவாரம் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இரு கண்களிலும் கற்றரக்ட் எனப்படும் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன் நான். அதன் பின்னர், மேற்பகுதியில் தூரத்தையும், நடுப்பகுதியில் இடைத்தூரத்தையும், கீழ்ப்பகுதியில் கிட்டத்தையும் பார்க்கக்கூடிய பன்முகக் கண்ணாடியை அணிகிறேன். வைத்தியர் எல்லாவற்றையும் சோதித்தார். சுவரிலிருந்த அட்டையின் சிறு எழுத்துக்களை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். கையில் ஒரு அட்டையைத் தந்து வாசிக்கச் சொன்னார், அதையும் வாசித்தேன். கண்ணில் குறையில்லை என்றார். நான் நம்பவில்லை. நடந்த கதையைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் திரை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கண் மட்டத்துக்கு மேலா, கீழா? யன்னல் எந்தப் பக்கம்?"

மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவனுக்கு, நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் தான் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. "அளந்து பார்த்துவிட்டு வாருங்கள், ஐயா. அதற்குப் பிறகு கண்ணாடியைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அளக்கும் பொறுப்பை என் பேத்தி ஏற்றுக்கொண்டாள். பக்க வடிவமைப்பைத் தொழிலாகச் செய்பவள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தையற்காரரின் அளவு நாடாவோடு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அம்மப்பா, நீங்கள் வழக்கமா எப்பிடி இருந்து எழுதுவீங்களோ, அப்பிடியே இருங்கோ. எனக்காக நிமிர வேண்டாம்" என்றாள். இருந்தேன். ஒரு பக்கமாக நின்று சிறிது நேரம் என்னைப் பார்த்தாள். பின்னர் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.

அந்தப் படத்தில் இருந்தவர் எனக்குத் தெரியாத ஒரு முதியவர். நாடியை உயர்த்தி, பிடரி மடிந்து, வாயைச் சற்றுத் திறந்தபடி, வானத்தில் விமானம் தேடுபவரைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு கதிரையைத் தொடவேயில்லை. மாலையானால் எனக்குப் பிடரி வலிப்பது வயதினால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் அளந்தாள். என் கண்ணிலிருந்து திரைக்கு 95 சென்ரிமீற்றர். திரையின் மேல் விளிம்பு என் கண் மட்டத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்குக் காரணம் திரையின் கீழே நான் அடுக்கியிருந்த மூன்று தடித்த நூல்கள். 1862 ஆம் ஆண்டு வெளிவந்த வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதியின் மறுபதிப்பு ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிக்கனின் தொகுதிகள் இரண்டு. யாழ்ப்பாணத்து அறிஞர்களின் உழைப்பும் சேர்ந்து உருவான அகராதியை மிதிபலகையாக வைத்தவனுக்குச் சொற்பிழையால் தண்டனை கிடைத்தது நியாயந்தான்.

நான் காரணமில்லாமல் அப்படி அடுக்கவில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். பேத்தி சொன்னாள், அந்த ஆலோசனை தவறல்ல, ஆனால் அது எனக்குரியதல்ல என்று. சாதாரணமாகப் பார்ப்பவருக்குத் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தால், பார்வை இயல்பாகவே சிறிது கீழ்நோக்கி விழும். பன்முகக் கண்ணாடி அணிந்தவரோ இடைத்தூரத்தைக் கண்ணாடியின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழாலேயே தெளிவாகப் பார்க்கமுடியும். திரை உயரத்தில் இருந்தால், அந்தப் பகுதியைத் திரைக்கு நேரே கொண்டுவருவதற்குத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். கழுத்து வலித்துத் தலையை நேராக்கினால், தூரத்துக்கான மேற்பகுதியால் பார்க்க நேரிடும், எழுத்து மங்கும். நான் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று நூல்களையும் எடுத்தாள். திரை 16 சென்ரிமீற்றர் இறங்கியது. அதன் மேல் விளிம்பு என் கண்ணுக்கு நான்கு சென்ரிமீற்றர் கீழே வந்தது. பின்னர் திரையின் முகத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தாள். ஒரு நூலைக் கையில் பிடித்து வாசிக்கும்போது அதன் மேற்பக்கம் நம்மைவிட்டுச் சற்று விலகிச் சாய்ந்திருக்கும் அல்லவா, அந்த அளவுக்கு.

அந்தச் சாய்வைக் கண்டதும் எனக்குப் பழைய அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. எழுத்துப் பெட்டிகள் அங்கே தட்டையாக வைக்கப்பட்டிருக்கவில்லை. மரச் சட்டத்தின் மீது சாய்வாக ஏற்றப்பட்டிருந்தன. மேல்வரிசை அறைகளுக்கும் கை இலகுவாக எட்ட வேண்டும் என்பதற்காக அந்தச் சாய்வு. கட்டையான ஒரு பையன் வேலை பழக வந்தபோது, நான் மேலே சொன்ன அச்சுக்கோப்பாளர் அவனை எட்டி எடுக்கச் சொல்லவில்லை. எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து அவன் காலடியில் இட்டார். உயரமான ஒருவர் வந்தபோது மரச் சட்டத்தின் கால்களுக்குக் கட்டைகளைக் கொடுத்து உயர்த்தினார். பெட்டியைப் பார்த்து மனிதன் கூனக்கூடாது என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டமாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த நான், என்னுடைய மேசையில் அதை மறந்துவிட்டேன்.

அடுத்தது தூரம். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கிட்ட இருந்தால் கண் கெட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பயத்தில் திரையை மேசையின் கடைசி விளிம்புவரை தள்ளிவைத்திருந்தேன். எழுத்துச் சிறிதாகத் தெரிந்ததால் உடலை முன்னே வளைத்தேன். தள்ளிவைத்த பயன் அதனாலேயே இல்லாமற் போனது. கதிரையில் முதுகைச் சாய்த்து இருந்தபடி கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் பொதுவாகப் பொருத்தமானது. ஏறத்தாழ 50 முதல் 70 சென்ரிமீற்றர்வரை. எனக்கு 65 சென்ரிமீற்றர் சரியாக அமைந்தது. முதல்முறையாகக் கதிரையின் முதுகுப்பலகை எனக்கு எதற்காக இருக்கிறது என்று தெரிந்தது.

இவ்வளவும் செய்த பின்னரும் எழுத்து முற்றாகத் தெளியவில்லை. வரிகள் கிட்ட வந்தன. ஆனால் ஈரத் தாளில் மை ஊறியது போன்ற ஒரு கலங்கல் இருந்தது. பேத்தி திரையின் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மப்பா, இதை ஆர் 1280 இல வைச்சது?" என்று கேட்டாள்.

நான்தான் வைத்தேன். அதன் கதை முப்பது ஆண்டுகளுக்கு முன்னே செல்கிறது.

1990களின் முற்பகுதியில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தபோது, மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு 14 அங்குலப் பெட்டித் திரைகளும் வந்தன. பின்புறம் பானை போலப் புடைத்த கண்ணாடிக் குழாய்த் திரைகள். அவற்றின் உள்ளே ஓர் இலத்திரன் கற்றை வரிவரியாக ஓடி, செக்கனுக்கு 60 தடவை படத்தை வரையும். அது கண்ணுக்கு நுண்ணிய துடிப்பாகத் தெரியும். 75 அல்லது 85 என்று உயர்த்தினால் துடிப்பு அடங்கும். படத்தில் நிறம் திட்டுத்திட்டாகப் படிந்தால் காந்தத்தை நீக்கும் பொத்தானை அழுத்துவோம். 'டொம்' என்ற ஓசையோடு படம் ஒருமுறை நடுங்கிவிட்டு ஒழுங்குக்கு வரும். எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால், புள்ளிகளின் எண்ணிக்கையை 800 க்கு 600 என்பதிலிருந்து 640 க்கு 480 ஆகக் குறைப்போம்; எழுத்துப் பெருத்துவிடும். கற்றை வரைகின்ற படமாதலால், அந்தத் திரை எந்த அளவையும் ஓரளவு ஒழுங்காகவே காட்டியது.

அன்று கற்ற அந்தக் கைவித்தையை இன்றைய தட்டைத் திரையிலும் செய்திருந்தேன். என்னிடமிருப்பது 24 அங்குலத் திரை. அதில் கிடையாக 1920, நிலையாக 1080 என்று இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. இவை ஓடும் கற்றையால் வரையப்படுபவை அல்ல. தொழிற்சாலையிலேயே பதித்து முடிக்கப்பட்டவை. கூட்டவோ குறைக்கவோ இயலாது. எழுத்துப் பெருக்க வேண்டும் என்று நான் 1280 க்கு 720 என்று தெரிவுசெய்தபோது, கணினி அனுப்பும் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒன்றரைப் புள்ளியை நிரப்ப வேண்டியதாயிற்று. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே திரை பக்கத்துப் புள்ளிகளில் பாதிக் கறுப்பும் பாதி வெள்ளையுமாகச் சாம்பல் நிறத்தைப் பூசிச் சமாளித்தது. அதுதான் நான் கண்ட கலங்கல்.

இங்கேதான் என்னுடைய பிழையின் வேர் இருந்தது. 'தி' என்ற எழுத்தின் மேலே வளையும் கோட்டை மேல்விலங்கு என்றும், 'தீ' என்பதில் அந்தக் கோட்டின் முனையில் வரும் சிறு வளையத்தை மேல்விலங்குச் சுழி என்றும் நம் முன்னோர் பெயரிட்டிருக்கிறார்கள். அச்சுப் பெட்டியில் 'தி' ஓர் அறையிலும் 'தீ' வேறோர் அறையிலும் கிடக்கும்; இரண்டும் இரண்டு ஈயத் துண்டுகள். திரையிலோ அவற்றைப் பிரிப்பது சுழியின் நடுவிலுள்ள வெள்ளைத் துளை ஒன்றுதான். சிறிய எழுத்தளவில் அந்தத் துளை ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மேல் இராது. அதைச் சாம்பல் நிறம் மூடிவிட்டால் சுழி ஒரு பொட்டாகிவிடுகிறது. கோட்டின் தடித்த முனையும் அவ்வாறே ஒரு பொட்டாகத் தெரிகிறது. வாசிப்பவனின் மனம் தான் எதிர்பார்த்ததை அங்கே கண்டுகொள்கிறது. நான் 'தீட்டியவர்' என்று எதிர்பார்த்தேன். மூன்று தடவையும் அதையே கண்டேன். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதிதான். ஆங்கில எழுத்துக்களைவிட நம் எழுத்துக்களுக்குத் தெளிந்த திரை கூடுதலாக வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பேத்தி திரையை அதற்குரிய 1920 க்கு 1080 அளவுக்கு மீட்டாள். எழுத்துக் கூர்மையாகி, கூடவே எறும்பளவு சிறுத்தது. நான் முறையிட வாயெடுக்க முன்னரே, அதே பக்கத்தில் உருப்பெருக்கத்துக்கென்று இருக்கும் வேறொரு தெரிவை 150 சதவீதம் ஆக்கினாள். எழுத்து முன்பிருந்த அளவுக்கே பெருத்தது, கூர்மை குறையவில்லை. புள்ளிகளைக் குறைக்காமல், ஒவ்வோர் எழுத்தையும் கூடுதலான புள்ளிகளைக் கொண்டு பெரிதாக வரையும்படி கணினிக்குச் சொல்லும் வழி இது. இரண்டும் எழுத்தைப் பெருப்பிக்கும் வழிகள்தாம். ஒன்று சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்குவது. மற்றது பெரிதாகவே புதிதாக வரைவது. அச்சுக்கூடத்தில் பத்துப் புள்ளி எழுத்துப் போதாதென்றால் பதினான்கு புள்ளி எழுத்துப் பெட்டியைத் திறப்போம். பத்துப் புள்ளி எழுத்தைச் சம்மட்டியால் அடித்துப் பெரிதாக்க மாட்டோம்.

விண்டோஸ் 7 காலத்திலிருந்து கணினியிலேயே உள்ள கிளியர்டைப் சரிசெய்யும் வசதியையும் திறந்தாள். ஒரே வாசகத்தைச் சில வடிவங்களில் காட்டி எது தெளிவு என்று அது கேட்கும். கண் வைத்தியரின் "இதுவா, அதுவா" போன்ற கேள்விகள்தாம். நான் தெரிவுசெய்தேன்.

பின்னர் திரையின் பின்புறத்தைப் பார்த்தவள் சிரித்தாள். திரையையும் கணினியையும் இணைத்திருந்தது நீலத் தலையுள்ள பழைய பதினைந்து ஊசி வயர். 1987 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறை அது. குழாய்த் திரைக் காலத்துக்கென்று பிறந்தது. படத்தை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகக் கடத்துவதால் வழியில் சிறிது கலங்கவும் இடமுண்டு. திரையைப் பொருத்த வந்த இளைஞர் பழைய வயரையே மாட்டிவிட்டுப் போயிருந்தார். எண்முறையில் படத்தைக் கடத்தும் எச்.டி.எம்.ஐ. வயர், திரை வந்த பெட்டிக்குள்ளே பொலித்தீன் உறை பிரிக்கப்படாமல் மூன்று ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றினாள்.

கடைசியாக ஒளி. எங்கள் வீட்டு யன்னல் மேற்குப் பக்கம், கடலை நோக்கியது. திரை யன்னலுக்கு எதிரே இருந்ததால், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கடல் வெளிச்சம் முழுவதும் திரையில் விழுந்து, என் எழுத்துக்களின் மேல் யன்னற் கம்பிகள் தெரியும். அதை வெல்வதற்காகத் திரையின் ஒளியை நூற்றுக்கு நூறாக வைத்திருந்தேன். இரவிலும் அதே ஒளி. கண் எரியாமல் என்ன செய்யும்? நாங்கள் இருவருமாக மேசையைத் திருப்பினோம். இப்போது யன்னல் எனக்கு இடப்பக்கம் இருக்கிறது; வெளிச்சம் முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் வருகிறது. பின்னர் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திரையின் வெள்ளை அந்தத் தாளைவிட விளக்குப் போலப் பிரகாசித்தால் ஒளி அதிகம். தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை குறைத்துக்கொண்டு வந்தாள். நூற்றிலிருந்து முப்பத்தைந்தில் வந்து நின்றது. இரவில் விளக்கொளியில் இன்னும் குறைக்க வேண்டும் என்றாள்.

"இருபது நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பாட்டிலும் பரவாயில்லை, யன்னலால வெளியில பாருங்கோ. கண்ணை மூடி மூடித் திறவுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. கண் உலர்வதற்கு அதுவும் ஒரு காரணம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை, இருபது செக்கன்களுக்குப் பார்க்க வேண்டுமென்று கண் வைத்தியர்கள் சொல்வார்கள். எனக்கு அதற்குக் கடலும், கரையோரமாகக் காலிக்கும் மாத்தறைக்கும் ஓடும் புகையிரதமும் இருக்கின்றன. ஒரு சதமும் செலவில்லை.

அவள் சென்ற பின்னர், நினைவு மலருக்கு எழுதிய அந்தக் கோப்பைத் திறந்தேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். 'திட்டியவர்' என்ற சொல் சபையில் தனியே எழுந்து நிற்பவரைப் போலத் தெரிந்தது. அது மட்டுமல்ல; அதே கட்டுரையில் ஒரு மெய்யெழுத்துப் புள்ளி விடுபட்டிருந்ததையும், 'நீதி' என்பது 'நிதி' ஆகியிருந்ததையும் கண்டேன். மூன்று பிழைகள். வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த வெட்கத்தின் அடியில் பெரிய ஆறுதலும் இருந்தது. பிழையைக் காணும் கண் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் என் வயதினர் பலர் இருப்பீர்கள். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இலண்டனிலோ, பிள்ளைகள் வாங்கிப் பொருத்திக் கொடுத்த திரையின் முன்னே இருந்து, 'இனி நமக்கு முடியாது' என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணைச் சோதிப்பது முதல் வேலை. அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் கண்ணில் பிழையில்லை என்று வைத்தியர் சொன்னால், முதுமையின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னர் ஓர் அளவு நாடாவை எடுங்கள். பிள்ளைகள் தங்கள் உயரத்துக்கும் தங்கள் கண்ணுக்குமே அதைப் பொருத்தியிருப்பார்கள். அது அவர்களுடைய குற்றமல்ல. நாம் இருந்து காட்டவில்லை, அவர்கள் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பிற்பகலும் பழைய பெட்டியிலிருந்த ஒரு வயருமே தேவைப்பட்டன. அதற்காக நான் என் நூலையே கைவிட இருந்தேன்.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் 'திருத்தம்' போடுவோம். நினைவு மலருக்கு மறுநாள் கிடையாது. ஆகவே சிறு தாள்த் துண்டுகளில், "18 ஆம் பக்கத்தில் 'திட்டியவர்' என்பதைத் 'தீட்டியவர்' எனத் திருத்தி வாசிக்கவும்" என்று அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மற்ற இரண்டு பிழைகளுக்கும் அதிலேயே திருத்தம் சேர்த்திருந்தேன். வீட்டில் எஞ்சியிருந்த நாற்பது மலர்களிலும் நானும் அக்காவுமாக இருந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம்.

முதல் துண்டை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "இப்ப சரி, தம்பி" என்றார். பின்னர், பசையைத் தடவியபடியே மெல்லச் சொன்னார்: "ஆனால் நீங்கள் எழுதினது முழுப் பிழையும் இல்லை. நீங்கள் கதைச்ச பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஒருநாள் வேலையால வந்து, இண்டைக்கு அந்தப் பெடியனை ஏசிப்போட்டன் எண்டு சாப்பிடாமல் இருந்தவர். நீங்கள் ஏதோ அவசரத்தில இருட்டு மூலைக்க நிண்டு புரூப் பார்த்தீங்களாம். கண்ணைக் கெடுத்துப்போட்டு நாளைக்கு எதை வாசிக்கப் போறாய் எண்டு கத்தினவராம்."

எனக்கு அது நினைவில் இருக்கவேயில்லை. அவர் ஏசினார் என்பதுமில்லை, நான் வெளிச்சத்துக்கு நகர்ந்தேனா என்பதுமில்லை. அவர் மட்டும் அதை வீடுவரை கொண்டுபோயிருக்கிறார்.

மீதித் துண்டுகளையும் ஒட்டி முடித்தோம். தேநீர் தந்தார், குடித்துவிட்டு, இருட்டுவதற்கு முன்னர் வீடு வந்து சேர்ந்தேன். மேசை விளக்கின் தலையைத் திரையில் ஒளி படாதவாறு சற்றுத் திருப்பி வைத்தேன். திரையின் ஒளியை முப்பத்தைந்திலிருந்து இருபதுக்குக் குறைத்தேன். பின்னர் பாதியில் நின்றிருந்த நூலைத் திறந்து, 1973 ஆம் ஆண்டு அத்தியாயத்தில் ஒரு பந்தியைப் புதிதாக எழுதத் தொடங்கினேன்.